“தேவன் உங்களை நேசிக்கிறார்” என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்படப் போகிறாராம். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அந்த வீட்டார் வாய்க்கு வாய் “தேவன் உங்களை நேசிக்கிறார்” என்கிறார்களாம். “எங்களுக்கும் அன்பே சிவம்தான். இவர்கள் சொல்வதில் புதிதாக என்ன இருக்கிறது? அதை நம்புவதால் அன்றாடம் இவர்கள் வாழ்க்கையில் என்ன மாறிவிடுகிறது? அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிடும் முன் ஜெபம் செய்வார்களே, அப்போது நான் என்ன செய்ய வேண்டும்?” இவைதான் கேள்விகள்.

கடைசிக் கேள்வி சுலபம், கடைசியிலேயே சொல்கிறேன். நான் முப்பத்தோரு ஆண்டு தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தமிழ் மெதடிஸ்ட் சபை ஒன்றில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மேடையில் பிரசங்கம் செய்யும் பழக்கம் கிடையாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கட்டில் ஓரங்களில் நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டார் சொல்லும் வரி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். யோவான் சுவிசேஷம் மூன்றாம் அதிகாரம், பதினாறாம் வசனம். சர்ச்சுக்குப் போகிற எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்திலேயே ஒப்பிக்கும். தேவன் தம்முடைய ஒரேபேறான குமாரனைத் தந்தருளி, “இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்” என்று முடியும். பழைய மொழிபெயர்ப்பிலும் சரி, கத்தோலிக்கர்கள் படிக்கும் திருவிவிலியத்திலும் சரி, அந்த வினைச்சொல் மாறவில்லை: அன்புகூர்ந்தார். கூர்தல் என்றால் மிகுதல், பெருகுதல். அன்பு இருப்பதற்கும் அன்பு கூர்வதற்கும் உள்ள தூரம், பானையில் பால் இருப்பதற்கும் அது பொங்கி வழிவதற்கும் உள்ள தூரம். மொழிபெயர்த்தவர்கள் நல்ல தமிழ் அறிந்தவர்கள்.

“இவ்வளவாய்” என்ற சொல்லையும் கவனியுங்கள். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் “இந்த விதமாக” என்ற பொருளைத்தான் முதலில் தரும். எவ்வளவு நேசித்தார் என்று அளந்து காட்டுவதோடு, எப்படி நேசித்தார் என்றும் அந்த வசனம் விரல் நீட்டுகிறது. எப்படி? கொடுத்து. எங்கள் பேச்சில் தேவனுடைய அன்பு என்றவுடன் சிலுவை வந்துவிடுவது இதனால்தான்.

(அகாபே என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தெய்வீக அன்பு என்று மட்டுமே பொருள் என்று சில பிரசங்கிகள் மேடையில் முழங்குவார்கள். பாதி உண்மை. அதே அதிகாரத்தில் மூன்றே வசனம் தள்ளி, மனிதர்கள் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்று சொல்லுமிடத்திலும் அதே வினைச்சொல்தான் இருக்கிறது. சொல்லில் மந்திரம் எதுவும் இல்லை. யார், யாரை, எப்படி நேசித்தார் என்பதில்தான் விஷயம்.)

இனி உங்கள் முதல் கேள்வி. “அன்பும் சிவமும் இரண்டென்பர் அறிவிலார்” என்ற திருமூலர் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவள் நான். “தேவன் அன்பாகவே இருக்கிறார்” என்ற யோவானின் நிருப வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டு பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டையும் மோதவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு கிறிஸ்தவர் அழுத்திச் சொல்லும் இடம் எது என்று மட்டும் காட்டுகிறேன். ஞாயிறு ஆராதனையில் நாங்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு ரோம அதிகாரியின் பெயர் வரும்: பொந்தியு பிலாத்து. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் ஆளுநராக இருந்த ஆள். பக்தியான ஒரு அறிக்கையில் அவனுக்கு என்ன வேலை என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இந்த அன்புக்கு ஒரு காலமும் ஓர் ஊரும் உண்டு என்று காட்டத்தான் அவன் அங்கே நிற்கிறான். எருசலேமுக்கு வெளியே, ஆணியும் மரமுமாக, நாலு பேர் பார்க்க நடந்த ஒன்றைக் காட்டித்தான் கிறிஸ்தவர்கள் “தேவன் அன்பு” என்கிறார்கள்.

அடுத்தது, எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது: அந்த அன்பு முந்திக்கொண்ட அன்பு. “நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார்” என்கிறார் பவுல். நாம் திருந்திய பிறகு, நல்ல பேர் எடுத்த பிறகு என்று அவர் எழுதவில்லை. பழைய ஏற்பாட்டிலும் இதே கதைதான். இஸ்ரவேலரிடம் மோசே சொல்கிறார்: நீங்கள் பெரிய கூட்டம் என்பதற்காகக் கர்த்தர் உங்கள்மேல் அன்பு வைக்கவில்லை, எல்லா ஜனங்களிலும் நீங்கள்தான் கொஞ்சம். 1518இல் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஹைடெல்பர்க் நகரில் ஒரு விவாதத்துக்காக எழுதிய இறையியல் குறிப்புகளில் கடைசி ஒன்று இதைப் பற்றித்தான். மனித அன்பு தனக்குப் பிடித்ததைக் கண்ட பிறகு பிறக்கிறது. தேவனுடைய அன்பு தனக்குப் பிடித்ததைத் தேடிப் போவதில்லை, அதை உண்டாக்குகிறது. மாப்பிள்ளை பார்க்கும்போது நாம் என்னென்ன விசாரித்தோம் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி, லூத்தர் சொல்வது புரிந்துவிடும்.

மும்மைத் தத்துவத்துக்குள் நான் போகப்போவதில்லை. உலகம் உண்டாகும் முன்பே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற உறவுக்குள் அன்பு இருந்தது, நேசிக்க ஆள் வேண்டும் என்ற ஏக்கத்தில் தேவன் நம்மைப் படைக்கவில்லை என்பதுதான் அதிலிருந்து இங்கே வேண்டியது. எங்களுக்குள்ளும் பேச்சு ஒன்றாக இருக்காது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அதில் எத்தனையோ வகை. ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டி முடித்த லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போகிற அக்காவிடம் கேட்டால், அப்பமும் திராட்சை ரசமுமான நற்கருணையிலிருந்து பேச்சைத் தொடங்குவார். நான் சிலுவையிலிருந்து தொடங்குகிறேன். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற என் மைத்துனர் தான் பெற்ற பரிசுத்த ஆவியின் அபிஷேகத்திலிருந்து தொடங்குவார். உங்கள் சம்பந்தி வீடு எது என்று நீங்கள் எழுதவில்லை.

முந்திக்கொண்ட அன்பு என்று சொல்வது எளிது. சிங்கப்பூரில் அதை நம்புவது கஷ்டம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. பிள்ளை பன்னிரண்டு வயதில் பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதுகிறது, நான்கு பாடத்துக்கும் சேர்த்து ஓர் எண் வருகிறது, அந்த எண்ணைப் பார்க்கும்போது அப்பாவின் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பிள்ளை பார்க்கிறது. அந்த முகத்தைத்தான் பிறகு அது தேவனுக்கும் மாட்டிவிடுகிறது. கடவுள் இருக்கிறாரா என்று சந்தேகப்படுகிற பிள்ளைகள் என் வகுப்பில் குறைவு. நான் நன்றாகச் செய்யாவிட்டாலும் அவருக்கு என்னைப் பிடிக்குமா என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்.

மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஒரு கதை இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் கூலியாட்களைக் கூப்பிடுகிறார், நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேச்சு. ஒன்பது மணிக்குப் போய் இன்னும் சிலரை அழைக்கிறார், நண்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாக ஐந்து மணிக்கும். ஆறு மணிக்குக் கூலி. ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம், விடியலில் இருந்து வெயிலில் காய்ந்தவனுக்கும் அதே ஒரு பணம். இதை வகுப்பில் சொல்லி முடித்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன், “நாட் ஃபேர், டீச்சர்” என்றான். எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டின. நியாயமான கோபம்.

அன்று ஆராதனை முடிந்து கீழே சாப்பாடு. துவாஸ் பக்கத் தங்குவிடுதியிலிருந்து சபை வேனில் வருகிற வெளிநாட்டுத் தொழிலாளர்களில் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம், என் எதிரில் உட்கார்ந்திருந்தார். பையன் சொன்னதைச் சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிரியாணியில் கையை வைத்தபடியே சொன்னார்: “டீச்சர், வேலை கிடைச்சவனுக்கு அந்த நிமிஷமே நிம்மதி வந்துரும். சாயங்காலம் வரைக்கும் கூப்பிட ஆளில்லாம நின்னவன்தான் செத்துப் பொழைச்சிருப்பான்.” ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு இங்கே வந்து, சொன்ன வேலை இல்லாமல் நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தவர் அவர். கதையில் கடைசியாக வந்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.” முப்பது வருடமாக அந்த வசனத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தக் கதையில் நான் எப்போதும் விடியற்காலை ஆளாகவே என்னை வைத்துப் படித்து வந்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

கணக்கு பார்க்காத அன்பு என்பது வாங்குகிறவனுக்கு நற்செய்தி. கணக்கு சரியாக வைத்திருக்கிறவனுக்கு அது எரிச்சல். கெட்ட குமாரன் கதையிலும் அப்படித்தான். சொத்தை அழித்துவிட்டு வரும் இளையவனை அப்பா தூரத்திலேயே கண்டு ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறார், வீட்டோடு இருந்து உழைத்த மூத்தவன் வாசலில் நின்று வருஷக்கணக்கு சொல்கிறான். சர்ச்சுக்குள் இருக்கிற நாங்கள் பெரும்பாலும் அந்த மூத்தவன் வம்சம். உங்கள் தங்கை இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அதனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைகளில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. “எனக்கு பி.ஆர். (நிரந்தரவாசம்) கிடைத்தது, தேவன் என்னை எவ்வளவு நேசிக்கிறார்” என்று ஒருவர் எழுந்து சொல்வார், எல்லாரும் கை தட்டுவோம். அதே வாரம் மூன்றாவது தடவையாக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் பின்வரிசையில் இருப்பார். அவரைத் தேவன் நேசிக்கவில்லையா? வீடு, வேலை, விசா எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லட்டும், தவறில்லை. அதை அன்பின் அளவுகோலாக்கும்போது மறுபடியும் புள்ளிக் கணக்குக்கே வந்துவிடுகிறோம். சிலுவையில் தொங்கியவரின் கையில் எந்த அனுமதி அட்டையும் இல்லை.

அப்படியென்றால் துன்பம்? நேசிக்கிற தேவன் ஏன் விடுகிறார்? இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை மிகவும் தவறாகப் பதில் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும், குழந்தைகள் பிரிவு. இரண்டு வயதுப் பெண் குழந்தை, மூச்சுக் கருவியில். அதன் அம்மாவிடம், “ஆண்டவர் எதையும் ஒரு நோக்கத்தோடுதான் செய்வார்” என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. குழந்தை நான்காம் நாள் போய்விட்டது.

நண்பன் லாசரு இறந்த ஊருக்கு இயேசு போகிறார். அவனை எழுப்பப் போகிறவர் அவர், நோக்கம் தெரிந்தவர். விளக்கம் சொல்லியிருக்கலாம். “இயேசு கண்ணீர் விட்டார்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார் யோவான்… மூன்று சொல் என்று பிள்ளைகள் திருத்துவார்கள், சரி, மூன்றே சொல்லில். அடுத்த வசனத்தில், சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்து, “இதோ, இவனை எவ்வளவாய்ச் சிநேகித்தார்” என்கிறார்கள். “ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்” என்று வள்ளுவர் சொன்னதும் இதுவே அல்லவா? அன்புக்குத் தாழ்ப்பாள் போட முடியாது, கண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். துன்பம் ஏன் என்பதற்குக் கிறிஸ்தவத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒற்றை விளக்கம் கிடையாது. எங்களிடம் இருப்பது, எங்களோடு அழுத ஒருவர். அதற்கப்புறம் வார்டில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். இரவுப் பணியில் ஒரு கோப்பை மைலோ கலந்து கொடுத்துவிட்டு, நேரம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இனி அன்றாடம் என்ன மாறுகிறது என்ற கேள்வி. நேர்மையாகச் சொன்னால், பலருக்கு ஒன்றும் மாறுவதில்லை. மாறவேண்டிய இடம் எது என்று சொல்கிறேன். கல்யாணங்களில் படிக்கும் ஒரு பகுதி உண்டு, உங்கள் தங்கை கல்யாணத்திலும் அநேகமாகப் படிப்பார்கள்: “அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது.” அதில் நடுவே “தீங்கு நினையாது” என்று வரும். மூலத்தில் அந்த “நினைத்தல்” கணக்குப்பிள்ளைகள் பயன்படுத்தும் சொல், பேரேட்டில் பற்று எழுதுவது. அடுத்தவன் செய்த தீங்கை அன்பு பேரேட்டில் ஏற்றாது என்பதுதான் செய்தி.

என்னிடம் அப்படி ஒரு பேரேடு நிஜமாகவே இருந்தது. நீல அட்டை போட்ட நோட்டு. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எந்தெந்த நாள் நான் கூட்டிப் போனேன், டாக்சிக்கு எத்தனை வெள்ளி, மருந்துக்கு எத்தனை என்று எழுதி வைத்திருந்தேன். என் தம்பி பக்கம் காலியாகவே இருந்தது. அம்மா இறந்து, தோ பாயோவில் இருந்த மூவறை வீட்டை விற்றபோது அவன் சரிபாதி கேட்டான். நோட்டை மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு நான்கு வருடம் பேச்சு இல்லை. அந்த நான்கு வருடமும் நான் ஞாயிறு பள்ளியில் தேவ அன்பைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்! “தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?” என்று யோவான் கேட்கிறார். அதைப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக்கூடப் போட்டேன்.

மேலே சொன்ன பேரேட்டு விஷயத்தை ஒரு வேதபாட வகுப்பில் கேட்ட அன்று இரவுதான் தம்பிக்குப் போன் போட்டேன். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. “சாப்டியாக்கா?” என்றான், “ஆச்சு” என்றேன், மழையைப் பற்றி ஏதோ சொன்னான். அவ்வளவுதான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்கு வந்தான். நோட்டைக் கிழித்துப் போட்டேனா என்று கேட்காதீர்கள், அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

இதோடு ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பெண் வாழப் போகிற வீட்டைப் பற்றிப் பேசுகிறோம். மன்னிப்பு வேறு, அடிபட்டுக்கொண்டே இருப்பது வேறு. கைநீட்டும் புருஷனிடம் “அன்பு சகலத்தையும் சகிக்கும்” என்று வசனம் சொல்லி மனைவியைத் திருப்பி அனுப்பிய கதைகள் எங்கள் மத்தியில் உண்டு. அது வேதத்தைத் திரிப்பது. கணக்கு வைக்காமல் இருப்பதற்கும் போலீசுக்குப் போகாமல் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

மற்றபடி அன்றாடம் என்பது சின்னச் சின்ன விஷயங்கள். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு நாளாவது ஓய்வு கட்டாயம், அதைக் காசாக மாற்ற முடியாது என்று 2023 ஜனவரி 1 முதல் சட்டமே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் அன்பைப் பற்றிப் பாடிவிட்டு வருகிற வீட்டில், அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் விசுவாசம் தெரிந்துவிடும். சம்பந்தி வீட்டில் நீங்களும் இதைக் கவனியுங்கள், நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நேசம் எல்லாம் தங்கையை மதம் மாற்றத்தானா? தன் நம்பிக்கையை ஒருவர் மனம் திறந்து சொல்வது இயல்பு, எனக்கு அதில் வெட்கம் இல்லை. ஆனால் மாறினால்தான் மரியாதை என்று ஒரு வீடு நடந்துகொண்டால், அங்கே அன்பு தூண்டிலில் மாட்டிய புழுவாகிவிடுகிறது. முந்திக்கொண்ட அன்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிபந்தனை போட்டால் அவர்கள் பேச்சை அவர்களே பொய்யாக்குகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே, மாப்பிள்ளையிடம், கோயில் எப்படி, பிறக்கும் பிள்ளைகள் எப்படி என்று தங்கை நேராகக் கேட்டுவிடட்டும். நல்ல பையனாக இருந்தால் கோபப்படமாட்டான்.

சரி, சாப்பாட்டு ஜெபம். கண் மூட வேண்டும், கை கூப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். இலையில் கை வைக்காமல் “ஆமென்” வரும்வரை பொறுங்கள், அதற்குப் பிறகு சாப்பிடலாம். அந்த வீட்டுப் பெரியவர் நீளமாக ஜெபிக்கிறவராக இருந்தால் அப்பளம் நமத்துப் போகும், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே அதில் புகார் இருக்கும். நடுவே உங்கள் பெயரும் உங்கள் அம்மாவின் முழங்கால் வலியும் அந்த ஜெபத்தில் வந்தால் திடுக்கிட வேண்டாம். எங்கள் வீடுகளில் அது வழக்கம்.